பிளெண்டர்ல போட்ட கூடம் ஏன் பொம்மை வீடு மாதிரி தெரியுது?

கும்பகோணம் பக்கத்து முற்றம் வச்ச வீட்டை பிளெண்டர்ல (3D சாஃப்ட்வேர்) மாடல் பண்ணேன், ரெண்டர்ல (அது கணக்குப் போட்டுக் குடுக்கற படத்துல) கூடம் பொம்மை வீடு மாதிரி வருதுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல கூடத்துக்குள்ள சும்மா தொங்கவிட்ட பாயிண்ட் லைட்டையெல்லாம் தூக்கிடுங்க. எங்க மாயவரம் வீட்டுல மத்தியானம் வெயில் முற்றத்து செவப்பு சிமெண்ட் தரையில மட்டும்தான் விழும், ஆனா அங்கேர்ந்து எகிறி கூடத்துச் சுண்ணாம்புச் சுவரு அடிப்பக்கம் லேசா செவந்திருக்கும், தூணுக்குப் பின்னாடி போகப்போக மங்கிடும், உங்களுக்கு வேண்டியது அந்த எகிறல்தான்.

ரெண்டர் இன்ஜின்ல, வெளிச்சம் எகிறறதைக் கணக்குப் போடற சைக்கிள்ஸ் எடுத்துக்கோங்க, வெளில ஒரே ஒரு சன் லைட், வானத்துக்கு ஸ்கை டெக்ஸ்சர், போதும். டிஃபியூஸ் பவுன்ஸ் (சுவரு, தரை மாதிரி மங்கலான பரப்புல வெளிச்சம் எத்தனை தடவை எகிறலாம்ங்கறது) டிஃபால்ட்டா 4 இருக்கும், 8 ஆக்கிப் பாருங்க. சன் ஆங்கிள் (சூரியனோட உயரம் இல்ல, வானத்துல அது தெரியற அகலம்) அரை டிகிரிக்குக் கிட்ட இருக்கட்டும், அப்பதான் ஓட்டு ஓரத்து நிழல் கிட்டக்க கூர்மையாவும் தள்ளிப்போகப்போக மசமசன்னும் வரும்.

வெள்ளைச் சுவருன்னு கலர் வேல்யூ 1.0 குடுத்துடாதீங்க (நானும் பண்ண தப்புதான்), 0.8 போதும், இல்லேன்னா எல்லாம் வெளுத்துப்போயி நிழலே நிக்காது. இன்னும் இருட்டா இருந்தா லைட்டைக் கூட்டாம எக்ஸ்போஷரைக் கூட்டுங்க, போட்டோ எடுக்கறவங்களும் அதைத்தானே செய்றாங்க. ராத்திரி சீன்னா பிளாக்பாடி நோட்ல (கெல்வின் கணக்குல லைட்டோட நிறத்தைக் குடுக்கறது) குண்டு பல்புக்கு 2700, டியூப்லைட்டுக்கு 6500.