நல்ல குவார்ட்டர்பேக்குகள் எல்லாம் போன பிறகு ஃபேன்டஸி டிராஃப்டில் யாரை எடுப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஆபீசில் யாரோ "ஒரு ஆள் குறையுது, வந்துடு" என்று ஃபேன்டஸி ஃபுட்பால் லீகில் (அமெரிக்கன் ஃபுட்பாலின் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதை வைத்து நமக்குப் புள்ளி போடும் விளையாட்டு) இழுத்துவிட்டிருக்கிறார்கள். 12 பேர் லீக், வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு குவார்ட்டர்பேக் (டீமில் பந்தை எறிபவர்) இறக்க வேண்டும். ஜோஷ் ஆலன், லமார் ஜாக்சன், ஜேலன் ஹர்ட்ஸ் எல்லாரையும் டிராஃப்டில், அதாவது முறை வைத்து ஆள் எடுக்கும்போது, முதல் இரண்டு சுற்றிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் முறை வரும்போது மிச்சமிருக்கும் பெயர்களில் பாதியை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை, மேலே நேரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. சரிதானே?

ஒரே ஒரு குவார்ட்டர்பேக் இறக்கும் லீக் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். என்.எஃப்.எல். என்ற நிஜ லீகில் 32 டீம், 32 பேர் ஆடுகிறார்கள், உங்கள் லீகுக்குத் தேவை 12 பேர். மற்றவர்கள் வேவரில், அதாவது யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில், கிடப்பார்கள், வாராவாரம் ஒருவரைப் பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் இறக்க வேண்டும் என்றால் கதை வேறு. 24 பேர் வேண்டும். ஆளுக்கு ஓர் உபரி வைத்துக்கொண்டால் 36. கடையில் சரக்கே கிடையாது. அப்போதுதான் இந்தக் கடைசி வரிசை ஆட்களின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பதில் இதுதான்: அவர் நல்ல ஆட்டக்காரரா என்று பார்க்காதீர்கள். டிசம்பர் கடைசி வரை அவருக்கு வேலை இருக்குமா என்று பாருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆறு வருடமாக ஆடுகிறேன், ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. "அப்புறம் நீ எதற்குப் பதில் எழுதுகிறாய்" என்று கமென்டில் வருவார்கள், வரட்டும். எங்கள் லீகில் கோப்பை வாங்கிய ஒருவர் இருக்கிறார். டிராஃப்ட் அன்று ஆப்பே ஆள் எடுக்கட்டும் என்று ஆட்டோவில் போட்டுவிட்டு கோல்ஃப் ஆடப் போனவர். அவரிடம் கேட்டால் கோல்ஃபைப் பற்றி நன்றாகச் சொல்வார். "இது சூதாட்டம்தானே" என்று கேட்க இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வருடத்துக்கு 20 டாலர். நீங்கள் சீட்டுக் கட்டிய கதையெல்லாம் எனக்கும் தெரியும்.

இனி என் கதை. 2023 ஆகஸ்ட். எங்கள் டிராஃப்டில் 11ஆவது சுற்றில் வாஷிங்டன் கமாண்டர்ஸின் குவார்ட்டர்பேக் சாம் ஹவலை எடுத்தேன். 2022இல் என்.எஃப்.எல்.லின் நிஜ டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட பையன், அதுவரை ஒரே ஒரு ஆட்டத்தில்தான் முதல் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியிருந்தார். அறையில் சிரித்தார்கள். நான் போட்ட கணக்கு என்னவென்றால், இந்த டீம் தோற்கும். தோற்கும் டீம் இரண்டாம் பாதியில் எறிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். எதிரணியும் பெரிய அடி விழாமல் இருந்தால் போதும் என்று பின்னால் தள்ளி நின்று சின்னச் சின்ன பாஸ்களை விட்டுக்கொடுக்கும். நிஜ ஆட்டத்தில் அந்த யார்டுகளுக்கு மதிப்பில்லை, ஃபேன்டஸியில் 25 யார்டுக்கு ஒரு புள்ளி கண்டிப்பாக விழும்.

கணக்கு பலிக்கவும் செய்தது. அந்த சீசனில் லீகிலேயே அதிகம் எறிந்தவர் ஹவல்தான், 612 தடவை. எட்டாவது வாரம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக 397 யார்டு, நான்கு டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிய ஸ்கோர்), ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்ததை எதிரணி பிடித்துக்கொள்வது). டச்டவுன் பாஸுக்கு 4, இன்டர்செப்ஷனுக்கு மைனஸ் 2 என்பது எங்கள் விதி. போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 30 புள்ளி. வாஷிங்டன் அந்த ஆட்டத்தில் 38-31 என்று தோற்றது, நான் ஜெயித்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் யாரும் சிரிக்கவில்லை.

நான் பார்க்கத் தவறியது வேறு. ஹவல் அந்த சீசனில் 65 தடவை சாக் ஆனார் (எறிவதற்கு முன்பே பந்தோடு விழுத்தப்பட்டார்), 21 இன்டர்செப்ஷன் எறிந்தார். இரண்டிலும் லீகிலேயே முதலிடம். இது ஃபேன்டஸியில் பெரிதாக வலிக்காது, அவரை வைத்திருக்கும் கோச்சுக்கு வலிக்கும். அந்தக் கோச்சின் நாற்காலியோ ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. டீமை அந்த ஜூலையில்தான் புது முதலாளி வாங்கியிருந்தார். நவம்பரில், தேங்ஸ்கிவிங் அன்று டல்லாஸிடம் 45-10 என்று உதை வாங்கியதும் மறுநாளே டிஃபென்ஸ் பொறுப்பாளர் ஜாக் டெல் ரியோவை அனுப்பினார்கள். தலைமைக் கோச் ரான் ரிவேராவும் சீசன் முடிந்ததும் போய்விடுவார் என்று எல்லாருமே எழுதிக்கொண்டிருந்தார்கள், அப்படியேதான் போனார். ஹவலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஜகோபி பிரிசெட். முந்தைய வருடம் கிளீவ்லாந்துக்கு 11 ஆட்டம் தொடங்கிய கை தேர்ந்த ஆள்.

கம்பெனி கைமாறுகிறது, மேலாளர் போகிறார், பக்கத்து சீட்டில் அனுபவசாலி ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கன்சல்டிங் கம்பெனியில் நான்கு மாதம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு இதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. 30 புள்ளி கண்ணை மறைத்துவிட்டது.

15ஆவது வாரம் ராம்ஸ் ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதியில் ஹவலை உட்காரவைத்து பிரிசெட்டை இறக்கினார்கள். அதைப் பார்த்த பிறகும் 16ஆவது வாரம், எங்கள் அரையிறுதிக்கு, ஹவலையே போட்டேன். வாஷிங்டனுக்கு எதிரணி நியூயார்க் ஜெட்ஸ், ஆட்டம் மெட்லைஃப் ஸ்டேடியத்தில். எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர டிரைவ். டிசம்பர் 24, ஞாயிறு மதியம் 1 மணி.

அன்று ஒரு நண்பர் வீட்டில் மதிய விருந்து. இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், பல வருடமாக மனதில் இருக்கிறது. நம்மவர்கள் ஏன் "லஞ்சுக்கு 12:30க்கு வந்துடுங்க" என்று மெசேஜ் போட்டுவிட்டு மூன்றரைக்குச் சோறு போடுகிறார்கள்? 12:30க்குப் போனால் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மணிக்கு ஒரு தட்டில் மிக்சர் வருகிறது. பசியில் குழந்தைகள் அதையே தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன, அப்புறம் சாப்பாடு வரும்போது வேண்டாம் என்கின்றன. "பிள்ளையைச் சரியாச் சாப்பிட வைக்கிறதில்லையா?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். நாங்களும் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தோம். அன்றைக்குப் பார்த்து ஒரு மணிக்கே இலை போட்டு முடித்திருந்தார்கள். இதற்கு என்னதான் தீர்வு? தெரிந்தவர்கள் தனிக் கேள்வியாகவே போடுங்கள், நான் வந்து லைக் போடுகிறேன்.

சரி. அந்த வீட்டு டிவியில் குழந்தைகளுக்காக ஏதோ கார்ட்டூன். நான் மிக்சர் தட்டுக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு ஆப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். ஹவல் பெயருக்கு நேராக மைனஸ். ரெஃப்ரெஷ் செய்தேன், இன்னும் கொஞ்சம் மைனஸ். பக்கத்தில் நண்பரின் மாமனார், கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் இருக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஸ்கோர் என்ன?" என்றார்.

"மைனஸ்ல போயிட்டிருக்கு, மாமா."

"விளையாட்டுல எப்படிப்பா மைனஸ் வரும்? டக் அவுட் ஆனாக்கூட பூஜ்யம்தானே?"

அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். 22 எறிந்து 6 பிடிபட்டது, மொத்தம் 56 யார்டு, அதற்கு இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு இன்டர்செப்ஷன், அதற்கு நான்கு போச்சு. அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, "அப்ப அந்தப் பையன் வீட்டுல படுத்திருந்தா உனக்கு லாபம்" என்றார். இந்த விளையாட்டைப் பற்றி அத்தனை வருடத்தில் நான் கேட்ட மிகச் சரியான கருத்து அது. மூன்றாம் கால்பகுதியில் ஹவலை உட்காரவைத்தார்கள். பிரிசெட் வந்தார், 20 புள்ளி பின்தங்கியிருந்த டீம் 28-27 என்று முன்னிலைக்கே வந்துவிட்டது. கடைசி நொடிகளில் 54 யார்டிலிருந்து பந்தை உதைத்து ஃபீல்ட் கோல் அடித்து ஜெட்ஸ் 30-28 என்று தப்பித்தது. எனக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை.

அதே ஒரு மணிக்கு ஹூஸ்டனில் இன்னோர் ஆட்டம். கிளீவ்லாந்தின் ஜோ ஃப்ளாக்கோ, வயது 38, நவம்பர் பாதிவரை எந்த டீமிலும் இல்லாதவர், 368 யார்டு, மூன்று டச்டவுன். ஆமரி கூப்பர் ஒருவரே 265 யார்டு பிடித்தார். இரண்டு இன்டர்செப்ஷனைக் கழித்த பிறகும் 22 புள்ளிக்கு மேல். டிசம்பர் தொடக்கத்தில் ஃப்ளாக்கோ எங்கள் வேவரில்தான் கிடந்தார். என் கண்ணிலும் பட்டார். "கிழவர், வேண்டாம்" என்று தாண்டிப் போனேன். எடுத்தவர் எங்கள் டெஸ்டிங் டீம் ஆள், அரையிறுதியில் எனக்கு எதிரே நின்றவரும் அவரேதான்.

வயதைப் பார்த்தேனே தவிர, அவர் வேலையைப் பறிக்க அங்கே யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. அங்கே முதல் குவார்ட்டர்பேக்கான டிஷான் வாட்சன் தோளில் அடிபட்டு சீசனையே முடித்துக்கொண்டார். டீம் ப்ளேஆஃபுக்கு, அதாவது சீசன் கடைசி நாக் அவுட் ஆட்டங்களுக்கு, போகும் நிலையில் இருந்தது. ஃப்ளாக்கோ மூன்று இன்டர்செப்ஷன் எறிந்தாலும் அவரை யாரும் உட்காரவைத்திருக்க மாட்டார்கள்.

கால்பலத்தையும் பார்க்க வேண்டும், அதை மறுக்கவில்லை. ஓட்டத்துக்குப் பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. ஒருவர் 60 யார்டு ஓடினால் 150 யார்டு எறிந்ததற்குச் சமம். 2022இல் சிகாகோவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் சீசன் முழுக்க 2,242 யார்டுதான் எறிந்தார், ஆனால் 1,143 யார்டு ஓடினார். மயாமிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 178. எறியத் தெரியாது என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தபோதே அவரை வைத்திருந்தவர்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கால் மட்டும் காப்பாற்றாது. 2024இல் இண்டியானாபொலிஸின் ஆந்தனி ரிச்சர்ட்சனுக்கு அதைவிட நல்ல கால், எறிந்ததில் பிடிபட்டதோ நூற்றுக்கு 48கூட இல்லை. நடுவில் மூச்சு வாங்குகிறது என்று தானே ஒரு பிளேக்கு வெளியே போனார், அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர் யார் தெரியுமா? அதே ஃப்ளாக்கோ. இந்த மனிதர் என்னைத் துரத்துகிறார் என்றே நினைக்கிறேன்.

பிடிப்பவர்கள் யார் என்பது எனக்கு மூன்றாவது. பேக்கர் மேஃபீல்ட் மூன்று டீம் சுற்றிவிட்டு 2023இல் டாம்பாவுக்கு வந்தபோது அங்கே மைக் எவன்ஸும் கிறிஸ் காட்வினும் இருந்தார்கள். முதல் வருடம் 28 டச்டவுன், அடுத்த வருடம் 41. வந்தபோது ஃபேன்டஸியில் அவரைத் தொடக்கூட ஆளில்லை.

2024இல் நான் திருந்திவிட்டேன். மினசோட்டாவில் சாம் டார்னால்ட். 2018இல் நிஜ டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, போன இடமெல்லாம் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். அங்கே முதல் சுற்றில் எடுத்த ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்) ஜே.ஜே. மெக்கார்த்தி இருந்தார், எப்போது வேண்டுமானாலும் டார்னால்டை நகர்த்திவிடுவார்கள் என்றுதான் பேச்சு. ஆகஸ்டில் முதல் பயிற்சி ஆட்டத்திலேயே மெக்கார்த்திக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து சீசன் முடிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். பின்னால் துரத்த ஆளில்லை, எறிந்ததைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், டீமும் ஒன்றும் மோசமில்லை. 4,319 யார்டு, 35 டச்டவுன், டீமுக்கு 14 வெற்றி. அரையிறுதியில் மறுபடி தோற்றேன். அதற்கு டார்னால்ட் காரணமில்லை, பந்தோடு ஓடும் என் ரன்னிங் பேக்குகள் காரணம், அது வேறு ஒப்பாரி. மூன்றாம் இடத்துக்கான வாரத்தில் அவர் கிரீன் பேக்கு எதிராக 377 யார்டும் மூன்று டச்டவுனும் அடித்தார், என் 20 டாலர் எனக்கே திரும்பி வந்தது.

ஆகவே டிராஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால் புள்ளிவிவரத்தில் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொரு டீமின் பட்டியலையும் திறந்து, தொடங்குபவருக்குக் கீழே இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் சுற்று ரூக்கியோ, பல ஆட்டம் தொடங்கிய அனுபவசாலியோ இருந்தால் அந்தத் தொடங்குபவரைத் தள்ளிவிடுங்கள், அல்லது இருவரையும் சேர்த்து எடுங்கள். கோச் போன வருடமே தப்பிப் பிழைத்தவர் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். முடிந்தால் உங்கள் லீகை நடத்தும் கமிஷனரிடம் சொல்லி டிராஃப்டை செப்டம்பர் முதல் ஆட்டத்துக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே முடித்துவிட்ட இன்னொரு லீகில் என் நண்பர் மெக்கார்த்தியை எடுத்து வைத்திருந்தார்.