வீட்டுக் கல்வியில் வரலாறு: வழிகாட்டி நூலை நம் வீட்டுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் அச்சான நாலு வருட உலக வரலாற்று வழிகாட்டியை வைத்து என் மகளுக்கும் மகனுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தினேன். முதல் வருடம் பண்டைக் காலம், அடுத்து இடைக்காலம், அப்புறம் 1600 முதல் 1850 வரை, கடைசியில் நவீன காலம். வருடத்துக்கு 36 வாரப் பாடம். இதே வகை நூலை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, இரண்டாம் வருட நூலில் வைக்கிங்குகளுக்கு (வட ஐரோப்பியக் கடலோடிகள்) மூன்று வாரம், சோழர்களுக்கு ஒரே ஒரு பத்தி. நம் வரலாற்றை எப்படிச் சேர்ப்பது? (கோவையிலிருந்து ஓர் அம்மா)

சேர்ப்பதற்கு முன்னால் எடுங்கள். ஒரு பாடம் உள்ளே வந்தால் ஒரு பாடம் வெளியே போக வேண்டும். முதல் வருடம் நான் 36 பாடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆதிச்சநல்லூர், கீழடி, அரிக்கமேடு என்று நம் தொல்லியல் இடங்களைப் பற்றி இருபது பாடத்தை மேலே ஏற்றினேன். தீபாவளிக்குள் மகள் வரலாறு என்றாலே எழுந்து போய்விடுவாள். தப்பு அவள் மேல் இல்லை.

வைக்கிங்குகளுக்கு ஒரு வாரம் போதும்: கப்பல், கடல்வழி, ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மிச்சம் இரண்டு வாரத்தை ராஜேந்திர சோழனுக்குக் கொடுங்கள். 1025-இல் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் மேல் அவன் அனுப்பிய கடற்படை, வைக்கிங் காலத்தின் கடைசிப் பகுதியில் நடந்தது. ஒரே வரைபடத்தில் இரண்டு கடல்களையும் குழந்தை வரையட்டும்.

ஐரோப்பாவின் நிலப்பிரபுக்களைப் படிக்கும் வாரத்தில் உத்திரமேரூர் போய்வாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரக்கூடாது. நிலமில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று என் மகன் அந்தச் சுவருக்கு முன்னாலேயே கேட்டான். அந்தக் கேள்வி எந்த வழிகாட்டியிலும் அச்சாகியிருக்காது.

எல்லாவற்றையும் வெட்டவும் வேண்டாம். பாஸ்டன் துறைமுகத்தில் 1773-இல் தேயிலையைக் கடலில் கொட்டிய பாடத்தை, 'அது அமெரிக்கா விஷயம்' என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து வரி வாங்கிய அதே கம்பெனி. அந்தப் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

என் பிள்ளைகளுக்கு வயது 6, 9, 13. மூன்று பேருக்கும் மூன்று காலகட்டமா?

வேண்டாம், நீங்கள் களைத்துப்போவீர்கள். மூவருக்கும் ஒரே காலம்தான். கதையைச் சேர்ந்து கேட்கட்டும். அப்புறம் சின்னது படம் வரையட்டும், நடுப்பிள்ளை கேட்டதைத் தன் வார்த்தையில் சொல்லட்டும், பெரியவன் நூல் சொல்வதற்குச் சான்று என்ன என்று தேடி ஒரு பக்கம் எழுதட்டும். நூலில் இருக்கும் பயிற்சித்தாள்களில் பாதியை நான் கையால்கூடத் தொட்டதில்லை.

எந்த வருடத்தில் ஆரம்பிப்பது?

வயது பத்துக்குள் என்றால் பண்டைக் காலம். அதற்கு மேல் என்றால், பிள்ளை எதைப் பற்றி அதிகம் கேட்கிறதோ அது.

திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத இது போதுமா?

போதாது. என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும்; அதற்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. அவர்கள் தளத்திலேயே பாடநூல்கள் கிடைக்கும், அதைப் பாருங்கள். ஏழு வயதுக் குழந்தையைப் பரீட்சைக்குத் தயார் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பாடங்களைச் சேர்த்த பிறகு வாரத்துக்கு ஐந்து பாடம் ஆகிவிட்டது. பையன் அழுகிறான்.

எதை எடுத்தீர்கள்? முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

குமரிக்கண்டத்தை முதல் வருடத்தில் எந்த இடத்தில் வைப்பது?

வரலாறாக வைக்காதீர்கள். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் 'லெமூரியா' என்ற பெயரை 1864-இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளுக்கும் இந்தியாவில் இருக்கும் அவற்றின் உறவினங்களுக்கும் விளக்கம் தேடியபோது அந்த யோசனை வந்தது. நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்த பிறகு அப்படி ஒரு கண்டம் தேவைப்படவில்லை.

உங்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லையா? சிலப்பதிகாரம் பொய்யா? (மதுரையிலிருந்து ஒருவர்)

பொய் என்று நான் சொல்லவில்லை ஐயா. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் பாடுகிறது. கடல் நிலத்தை விழுங்கியதாக நம் முன்னோர் நம்பினார்கள் என்பதற்கு அது சான்று. ஒரு கண்டமே மூழ்கியது என்பதற்கு அது சான்று ஆகாது. இரண்டும் வேறு வேறு என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியும்.

கடல் நிலத்தைக் கொண்டது உண்மைதானே? (அதே நண்பர்)

உண்மை, இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடற்கரை உள்ளே வந்தது. ஆனால் அங்கே சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தார்கள் என்பதற்குத் தோண்டி எடுத்த ஒரு பானை ஓடுகூட இல்லை. கீழடியில் ஓடு இருக்கிறது, அதில் எழுத்து இருக்கிறது. அங்கிருந்து வந்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. கையில் இருப்பதைக் காட்டுவோம் ஐயா. தமிழை நேசிப்பதால்தான், நாளைக்கு யாராவது கேட்டால் சரிந்துபோகும் ஒன்றை என் பிள்ளைக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

இந்த விஷயத்தில் இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பதில் இதுதான்.

எட்டு வாரம் பின்தங்கிவிட்டோம்.

அந்த எட்டை விட்டுவிட்டு இந்த வாரப் பாடத்துக்குப் போங்கள்.

என் மாமனாரின் அப்பா பர்மாவில் இருந்து நடந்தே வந்தவராம். இதற்கெல்லாம் பாடத்தில் இடம் உண்டா? (காரைக்குடி)

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் பாதி அவருக்குத்தான். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி அஸ்ஸாம் பக்கம் வந்தார்கள். மாமனார் கேள்விப்பட்டதையெல்லாம் இன்றே பதிவு செய்யுங்கள். எந்த ஊர், யாருடன், கையில் என்ன கொண்டுவந்தார் என்று பேரப்பிள்ளைகளே கேட்கட்டும். முதல் உலகப் போருக்கும் இப்படி நம் வாசல் உண்டு: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மேல் குண்டு வீசியது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கான கல்வெட்டு இருக்கிறது.

எந்த வருடத்தில் ஆரம்பிப்பது அக்கா?

மேலே இருக்கிறது.

காலக்கோட்டைச் சுவரில் ஒட்ட இடமில்லை. வேறு வழி?

கயிறு. பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் ஐயாயிரம் வருடம் ஐந்து மீட்டரில் அடங்கும். கூடத்தில் குறுக்காகக் கட்டிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயில் இன்றிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் தொங்கும், கீழடி இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் மகன் சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளை எங்கே மாட்டுவது என்று கேட்டான். அவை சுமார் 15 லட்சம் வருடம் பழையவை. கணக்குப் போட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வந்தது. கயிற்றின் நுனியிலிருந்து நாங்கள் மூவரும் வாசலைத் தாண்டி, பால் பூத்தைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் நடந்தோம். அங்கே அவன் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு வந்தான்.