அகழியில் மிதக்கும் கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிட்னி போலாக் இயக்கிய 'கேஸில் கீப்' (1969) பார்த்தேன். போர்ப்படம் என்று உட்கார்ந்தால் என்னென்னவோ நடக்கிறது. சார்ஜென்ட் ஒருவர் ரொட்டிக்கடைக்குள் நுழைந்து அந்த வீட்டு ஆளாகவே ஆகிவிடுகிறார். அகழியில் தள்ளிய கார் மூழ்க மறுக்கிறது. ஒரு கைப்பிடி ஆட்கள் ஜெர்மன் டாங்கிப் படையை மறிக்க நினைக்கிறார்கள். இதில் எது நிஜம், எது விளையாட்டு? பாதியில் நிறுத்திவிட்டேன்.

கதிர்

அன்புள்ள கதிர்,

மிச்சத்தையும் பாருங்கள். உங்களுக்கு நம்பமுடியாததாகத் தெரிந்தவற்றில்தான் படம் தரையில் கால் ஊன்றி நிற்கிறது.

பழைய கோட்டை ஒன்றில் நின்று ஜெர்மானியரை மறிக்க நினைக்கும் மேஜர் ஃபால்கனரின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1944 டிசம்பர் 16 அன்று பெல்ஜியம், லக்சம்பர்க் பக்கத்து ஆர்டென் காட்டு வழியாக ஜெர்மானியர் பாய்ந்தபோது அவர்கள் குறி மியூஸ் ஆறும் அதைத் தாண்டி ஆண்ட்வெர்ப் துறைமுகமும். பெட்ரோல் கையிருப்பு குறைவு. மலைச்சாலைகள் குறுகல். எனவே வேகமே அவர்களுடைய மூலதனம். எதிரில் இருப்பவன் ஜெயிக்கவேண்டிய அவசியமே இல்லை, சில மணி நேரம் தாமதப்படுத்தினால் போதும்.

லக்சம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் இது நடந்தே இருக்கிறது. அங்கிருந்த 28வது அமெரிக்க டிவிஷன், ஹியூர்ட்கென் காட்டில் 6000 பேருக்கு மேல் இழந்துவிட்டு, 'அமைதியான பகுதி' என்று ஓய்வுக்கு அனுப்பப்பட்டிருந்தது. படத்தில் வரும் களைத்த முகங்கள் அங்கிருந்தே வருகின்றன எனலாம். கோட்டைக்குள் சுமார் 100 பேர் இருந்தார்கள். பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகருக்குச் செல்லும் சாலையும் பாலமும் அந்த ஊரில். டிசம்பர் 18 வரை தாக்குப்பிடித்தார்கள். அன்றிரவுதான் பாஸ்டோனைக் காக்க அமெரிக்காவின் 101வது பாராசூட் டிவிஷன் லாரிகளில் அங்கே வந்து சேர்ந்தது.

ஆனால் கோட்டையின் ஓவியங்களைக் காக்கத் துடிக்கும் கேப்டன் பெக்மன் பயப்படுவதும் சரியே. பழைய கோட்டையின் பலவீனம் சுவரில் இல்லை, கூரையில். கற்சுவர் குண்டைத் தாங்கும். உத்தரமும் மரத்தளமும் பற்றிக்கொள்ளும். மேலே எரியத் தொடங்கினால் உள்ளே இருப்பவனுக்குப் புகையும் இடிந்து விழும் தளமும்தான் எதிரி. கிளெர்வோ அப்படித்தான் எரிந்தது. ஓவியங்களைக் காக்க வேண்டும் என்பவரும் கோட்டையைக் காக்க வேண்டும் என்பவரும் ஒரே கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதே படத்தின் சண்டை. (கிளெர்வோவைத் திரும்பக் கட்டினார்கள். 1994 முதல் புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன் தொகுத்த 503 புகைப்படங்கள் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. பெக்மன் சந்தோஷப்பட்டிருப்பார்.)

கார் விஷயம் முழு உண்மை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிப்பக்கம் ஏறக்குறைய முழுவதும் மூடிய தட்டையான எஃகுத் தகடு. கதவுகள் இறுக்கமாகப் பொருந்தும். உள்ளே அடைபட்ட காற்று வண்டியின் எடையைச் சில நிமிடங்களுக்குத் தாங்கிவிடும். இன்ஜின் பின்னால் இருப்பதால் பின்புறம் முதலில் தாழும். பெடல் துளை, கதவின் கீழ் விளிம்பு வழியாக மெல்ல நீர் ஏறும். கூரையில் எத்தனை தோட்டா பாய்ந்தாலும் உடனே மூழ்காது. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை விழ வேண்டும். உண்மையான பிசகு வேறு இடத்தில்: போர்க்காலத்தில் இந்த உடலமைப்போடு வெளிவந்த வண்டிகள் மிகக் குறைவு. ஜெர்மன் ராணுவம் பெருவாரியாக ஓட்டியது கூரை மடக்கும் கூபல்வாகன். 1969இல் அமெரிக்கா பீட்டில் மோகத்தில் இருந்தது, போலாக் தெரிந்தே தன் காலத்தைக் கண்ணடித்துக் கூப்பிடுகிறார்.

பீட்டர் ஃபாக் நடித்த சார்ஜென்ட் ரோஸி பற்றி: அவர் ஊரில் ரொட்டி சுடுபவர். இங்கே அடுப்பு இருக்கிறது, ஆண் துணை இல்லாத வீடு இருக்கிறது. "நான் பேக்கர்" என்கிறார், கடைக்காரப் பெண் "நான் பேக்கரின் மனைவி" என்கிறாள், காரியம் முடிந்தது. யாரும் வியப்பதில்லை. கதை சொல்வது சிப்பாய் பெஞ்சமின், நாவல் எழுத ஆசைப்படுபவன். நினைவில் எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதைத் தாண்டிவிடுகிறான். அந்தத் தாவல்களைத்தான் நீங்கள் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் மனைவி தெரேஸின் பாத்திரம் அவர் வம்சத்துக்கு வாரிசு தர வந்த கருவியாகவே நின்றுவிடுகிறது. விபசார விடுதிக் காட்சிகள் அலுப்பு.

பார்ப்பதானால் அகலத்திரைப் பிரதியாகத் தேடுங்கள். ஒளிப்பதிவு ஆன்றி தெகே. ஓரம் வெட்டிய தொலைக்காட்சிப் பிரதியில் அவர் உழைப்பு பாதி காணாமல் போய்விடும்.