ஸ்கிரிப்டுக்குக் காசு கொடுத்தீர்கள், சாவி யார் கையில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான். கடைக்கோ கம்பெனிக்கோ லோ-கோட் ஆப் (அதிகம் கோடு எழுதாமல், கட்டங்களையும் பட்டன்களையும் வைத்தே செய்யும் ஆப்) ஒன்றை வாங்கி, அதில் இல்லாத வேலைக்குத் தனியாக ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதச் சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டுத் தவிக்கிறார்கள். மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் மசாலா மொத்த வியாபாரம். 2023 நடுவில் ஒருவர் எங்கள் ஆப்பில் பட்டன் வைத்துத் தந்தார். அழுத்தினால் பொருள், சேவை வரி சேர்ந்து பில் மின்னஞ்சலில் போய்விடும். 2024 ஜனவரிக்கு அப்புறமும் அது 8 விழுக்காடே போட்டது, மூன்று மாதம் கழித்துத்தான் கணக்காளர் கண்டுபிடித்தார். இன்றுவரை பில்லைக் கையால் திருத்துகிறோம். சரிசெய்ய 400 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2023 ஜனவரி 1இல் 7 விழுக்காடு 8 ஆகும், 2024 ஜனவரி 1இல் 9 ஆகும் என்று 2022 பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது. 2023 நடுவில் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தவருக்கு அடுத்த ஏற்றத்தின் தேதிகூடத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் 0.08 என்று ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்தது அவர் வேலையில் உள்ள குறை, அதைச் சரிசெய்வது புது வேலை ஆகாது. 8ஐ 9 ஆக்கினால் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். விகிதத்துக்கென்று தனியாக ஒரு சின்ன டேபிள், அதில் எத்தனை விழுக்காடு, எந்தத் தேதியிலிருந்து என்று இரண்டு கட்டம், பில் தேதியைப் பார்த்து ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாளை விகிதம் மாறினாலும் நீங்களே அதில் போட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று மாதக் கணக்கை, வரிக் கணக்கில் பிழை திருத்தும் எஃப்7 படிவத்தில் திருத்தியாயிற்றா என்று கணக்காளரிடம் கேளுங்கள். வாங்காமல் விட்ட வரி உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: கோடிங்கே தெரியத் தேவையில்லை என்று விற்கிறார்களே, உண்மையா?

பதில்: ஃபார்ம் போட, பட்டியல் காட்ட உண்மை. "ஆர்டர் வந்ததும் ஸ்டாக் குறையணும், ஆனால் இந்த இரண்டு வாடிக்கையாளருக்கு மட்டும் வேண்டாம்" என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்த நிமிடமே அது கோடிங்.

கேள்வி: தள்ளுபடி என்று 20 பேருக்கு ஒரு வருட பிளான் எடுத்தேன். அப்புறம்தான் அந்த பிளானில் ஸ்கிரிப்டே ஓடாது என்று தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விலைப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கியிருந்தால் கிடைக்காது. விற்றவர் "ஸ்கிரிப்ட் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதை உடனே அனுப்புங்கள், அப்போது பேச்சே வேறு. ஒரு மாதத்துக்கு, இரண்டு பேருக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வருடத்துக்குக் கட்டுங்கள் என்று இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: காக்கி புக்கிட்டில் பழுதுபார்க்கும் பட்டறை. மைக்ரோசாஃப்டின் லோ-கோட் கருவியான பவர் ஆப்ஸில், பதிவுகளைச் சேமிக்க ஷேர்பாயிண்ட் லிஸ்டை வைத்து, வேலை அனுமதிக்கும் பட்டனோடு ஆப் செய்ய 2,400 வெள்ளி கேட்கிறார்கள். டெமோவில் எல்லாம் ஓடியது. கையெழுத்துப் போடட்டுமா அண்ணே?

பதில்: டெமோவில் எத்தனை பதிவு இருந்தது தம்பி? பத்தோ பதினைந்தோ இருந்திருக்கும்.

என் தங்கை ஈசூனில் வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம் விற்கிறாள். அவளுக்காக ஒருவரிடம் 1,500 வெள்ளி கொடுத்து ஆர்டர் ஆப் வாங்கியது நான். இருபது ஆர்டர் போட்டுப் பார்த்தேன், பட்டனை அழுத்தியதும் பேக்கிங் பட்டியல் அழகாக வந்தது, மீதிப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலை, புளோக்குக்குக் கீழே டின்களை அடுக்கிவைத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு அம்மா வந்து தன் பெயரைச் சொன்னார், டின் இல்லை. அடுத்து வந்தவருக்கும் இல்லை. அன்றைக்கு இருந்தது 612 ஆர்டர், பட்டியல் 500இல் நின்றுவிட்டிருந்தது. தங்கை அந்த 112 பேருக்கும் ராத்திரி உட்கார்ந்து போன் செய்தாள்.

உங்கள் பவர் ஆப்ஸிலும் இப்படி ஒரு எல்லை உண்டு. தேடும் வேலையை லிஸ்டே செய்யும்படி எழுதாவிட்டால் முதல் 500 பதிவுகளை மட்டும்தான் ஆப் பார்க்கும். செட்டிங்கில் கூட்டினாலும் 2,000தான் உச்சம். இதுபோன்ற மற்ற கருவிகளிலும் எல்லை இருக்கிறது: ஏர்டேபிள் ஆட்டோமேஷனில் ஒரு ஸ்கிரிப்டுக்கு 30 விநாடி, கூகிள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம். ஆகவே 3,000 போலிப் பதிவுகளை ஏற்றி, உங்கள் கண்முன்னே அந்தப் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம், அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பம் போடும் முன் கையெழுத்தும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். முன்பே கையெழுத்துப் போட்டாலோ பணம் கொடுத்தாலோ தகுதி போய்விடும்.

கேள்வி: ஊபியில் துப்புரவு கம்பெனி நடத்துகிறேன். ஒரு ஃப்ரீலான்ஸர் ஸோஹோ கிரியேட்டர் என்ற லோ-கோட் கருவியில் ஆப் செய்து, ஷிஃப்ட் போட ஸ்கிரிப்ட்டும் எழுதினார். 3,200 வெள்ளி கொடுத்தேன். ஆப் அவருடைய மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. இப்போது என்னால் ஒன்றையும் மாற்ற முடியவில்லை, அவர் போனும் எடுப்பதில்லை. பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாமா?

பதில்: அக்கா, நீங்கள் வாங்கியது கம்பெனிக்காக என்பதால் அந்தச் சங்கம் இதை எடுக்காது, அது தனிநபர் பயனீட்டாளருக்கானது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வக்கீல் தேவையில்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போயாக வேண்டும். கோட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள்.

அதற்கு முன்னால் அவருக்கு எழுத்தில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். கிரியேட்டரில் ஒரு ஆப்பை அதன் டெலுஜ் (ஸோஹோவின் ஸ்கிரிப்ட் மொழி) ஸ்கிரிப்டுகளோடு டிஎஸ் (.ds) கோப்பாக ஏற்றுமதி செய்ய முடியும், உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து அதில் இறக்கிக்கொள்ளலாம். பதிவுகளைத் தனியாக எக்ஸலில் கேளுங்கள். அவருக்குச் சில நிமிட வேலை.

இதில் என்னால் பொறுமையாக இருக்க முடியாது. வீடு கட்டிய கொத்தனார் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனால் விடுவோமா? ஆப்பில் மட்டும் விட்டுவிடுகிறோம். "நானே பார்த்துக்கிறேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று ஒருவர் சொல்லும்போதே உஷாராக வேண்டும். முதல் நாளே கணக்கு உங்கள் கம்பெனி மின்னஞ்சலில், உரிமையாளர் நீங்கள், அவர் உள்ளே வந்து வேலை செய்யும் விருந்தாளி. கடைசித் தவணை கொடுக்கும் முன் ஸ்கிரிப்டின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். எது ஃபார்ம் சேமித்தால் ஓடுகிறது, எது பட்டனுக்கு, எது ராத்திரி தானாக ஓடுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பவோ பணம் வாங்கவோ ஸ்கிரிப்டுக்குள் ரகசியக் குறியீடு இருந்தால் அவர் போனதும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஊழியர்களின் பெயரும் போன் நம்பரும் இப்போது யாரோ ஒருவர் கணக்கில் கிடக்கின்றன, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கம்பெனிதான். நடுவர் மன்றத்துக்குப் போவதானால் எனக்கு எழுதுங்கள், காகிதங்களை அடுக்க நான் உதவுகிறேன்.

கேள்வி: சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டை ஆப்பில் ஒட்டலாமா?

பதில்: நகல் ஆப்பில் ஒட்டுங்கள். டெலீட் என்ற சொல் எங்காவது இருந்தால், படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.