நில எடுப்பு: வழிகாட்டி மதிப்புதான் கடைசி விலையா?

கேள்வி: துணை மின் நிலையத்துக்காக எங்கள் ஊரில் என்னுடைய 80 சென்ட் புஞ்சையை அரசு எடுக்கிறது. அதில் கிணறும் தென்னைகளும் உண்டு. பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படிதான் பணம் என்கிறார்கள். பக்கத்துக் காடு அதைவிட நல்ல விலைக்குப் போயிருக்கிறது. பணத்தை வாங்காமல் இருந்தால்தான் கூடுதலாகக் கேட்க முடியுமா?

பதில்: பணத்தைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால், "தொகை போதாது, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கி வையுங்கள். பேசாமல் வாங்கிவிட்டால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும்.

வழிகாட்டி மதிப்பு மட்டும்தான் கணக்கு என்பது சரியல்ல. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, அந்த மதிப்பையும் அக்கம்பக்கத்தில் அதே வகை நிலம் விற்ற சராசரி விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். சராசரி என்றால் எல்லாப் பத்திரத்தையும் கூட்டி வகுப்பது அல்ல. முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்கள் 20 இருந்தால், விலை கூடிய 10 மட்டுமே கணக்கில் வரும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

ஆகவே உங்கள் வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். பக்கத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்கம், அதாவது பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். விலை கூடிய புஞ்சைக் கிரயங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு விலை செல்லாது, பத்திரத்தில் எழுதிய விலைதான் பேசும். முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று ஊரே குறைத்து எழுதியிருந்தால், அதன் வலி இப்போதுதான் தெரியும். அதிகாரிகள் எந்தப் பத்திரங்களை எடுத்தார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இந்த அடிப்படை விலையில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன் என்றால், மற்றதெல்லாம் அதன் மேல்தான் ஏறுகிறது. உதாரணத்துக்கு, இந்த அடிப்படை விலை, அதாவது சந்தை மதிப்பு, 10 லட்சம் என்று வைப்போம். கிராமப்புறமானால் அதை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து அரசு வைக்கும் எண் அது. 1.25 என்றால் 12.5 லட்சம். கிணறு, மரங்களுக்கு 2 லட்சம் சேர்த்தால் 14.5 லட்சம். அதற்குச் சமமான ஆறுதல் தொகை இன்னொரு 14.5 லட்சம். மொத்தம் 29 லட்சம். இதற்கு மேல் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக உண்டு. சமூகத் தாக்க மதிப்பீட்டு (நில எடுப்பு மக்களை எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வு) அறிவிக்கை நாளிலிருந்து, தீர்வம் (அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் ஆட்சியர் உத்தரவு) அல்லது அரசு நிலத்தைத் தன் வசம் எடுக்கும் நாள், எது முந்தியதோ அதுவரை. இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது.

இழப்பீட்டு விசாரணைக்குப் போகும்போது கிணற்றின் ஆழம், மோட்டார், குழாய், தென்னைகளின் எண்ணிக்கை, வயது எல்லாவற்றையும் படத்துடன் எழுதிக் கொடுங்கள். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) மரக் கணக்கு விட்டுப்போயிருந்தால் இப்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

அப்புறம் கெடு. தீர்வம் சொல்லும்போது நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே இருந்தால், அன்றிலிருந்து 6 வாரத்துக்குள், தொகை போதாது என்று 64-வது பிரிவில் ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். அங்கே இல்லையென்றால், நோட்டீஸ் கிடைத்து 6 வாரம் அல்லது தீர்வ நாளிலிருந்து 6 மாதம், எது முதலில் முடிகிறதோ அதற்குள். தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு வரை மனுவை ஏற்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம்.