ஆர்டர் கொடுத்தாலே பிசிபி வந்துவிடும்போது, வீட்டில் செய்வது வீண் வேலையா?

"ஃபைலை அனுப்பினால் ஒரு வாரம் பத்து நாளில் துளையெல்லாம் போட்டு, எழுத்து அச்சடித்து, பச்சைப் பளபளப்போடு போர்டு வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு வீட்டில் கரைசலோடு மல்லுக்கட்ட வேண்டும்? வீட்டிலும் ரசாயனம் உள்ளே வரக்கூடாது என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பிசிபி என்பது, பாகங்களைக் கம்பிக்குப் பதில் செம்புக் கோடுகளால் இணைக்கும் தகடு. அந்தக் கோடுதான் டிராக். வேண்டாத செம்பைக் கரைசலில் அரித்தெடுத்தால் டிராக்குகள் மிஞ்சும்.

வீண் வேலை இல்லை. காலையில் செய்த தப்பு மத்தியானமே உங்கள் கண் முன்னால் வந்து நிற்கும். சாயங்காலத்துக்குள் அதைத் திருத்திவிடலாம். இந்த ஒரு காரணம் போதும் எனக்கு. பத்து நாள் கழித்து வரும் போர்டில் தப்பு இருந்தால், அந்த டிராக்கை ஏன் அப்படி வரைந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

நீங்கள் பிரெட்போர்டில், அதாவது பற்றவைக்காமல் கம்பியைச் செருகிப் பார்க்கும் பலகையில், ஒன்றிரண்டு சர்க்யூட் கட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தது என்ன என்று நிற்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொழிலுக்காக நூறு போர்டு வேண்டும் என்பவருக்கு இந்தப் பதில் இல்லை. நான்கு அடுக்கு போர்டையும், அடியில் உருண்டை உருண்டையாகக் கால் வைத்த சிப்பையும் வீட்டில் செய்யச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வீட்டில் போடும் துளைக்குள் செம்புப் பூச்சு வராது, சால்டர் மாஸ்க் என்ற அந்தப் பச்சைப் பூச்சு வராது, எல்லாம் தெரியும். நானும் ஆர்டர் கொடுப்பவன்தான். வீட்டில் செய்து, ஓட்டிப் பார்த்து, சரியாக வந்த பிறகு கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பவுல் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1936 வாக்கில் லண்டனில் அச்சுச் சுற்று, அதாவது இதே பிசிபி, வைத்து ரேடியோ செய்தார். அப்போது அவருக்குத் தொழிற்சாலை கிடையாது, தங்கியிருந்த வாடகை அறையில்தான் அந்த வேலை நடந்தது. வீட்டில் செய்வதை விளையாட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஐஸ்லர் ஞாபகம்தான் வருகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அம்மா படுக்கையில் விழுந்த சமயம். குரல் மிகவும் மெலிந்துவிட்டது. இரவில் தண்ணீர் கேட்டால் அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்காது. "கடையில் விற்கிறதே, வாங்கி மாட்ட வேண்டியதுதானே" என்பீர்கள். வாங்கினோம். குழந்தை அழுதால் கேட்பதற்காக விற்கும் ஒரு கருவியை அண்ணன் வாங்கி வந்தார். ஒரு மாதத்தில் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டது. திறந்து பார்த்தேன். ஐசியின், அதாவது உள்ளே இருக்கும் சிப்பின், தலையில் இருக்க வேண்டிய எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள் அப்படியே தெரிந்தன.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருள் கெட்டுப்போனால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட நமக்குக் கிடையாதா? எண் மட்டும் தெரிந்திருந்தால் டேட்டாஷீட்டை, அதாவது அந்த ஐசியின் விவரத்தாளை, பார்த்து எந்தக் காலில் என்ன வோல்டேஜ் வர வேண்டும் என்று அரை மணி நேரத்தில் அளந்திருப்பேன். காப்பி அடித்துவிடுவார்களாம், அதனால் அழிக்கிறார்களாம். காப்பி அடிக்கிறவன் அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி வைத்திருப்பான். மாட்டிக்கொள்வது ரிப்பேர் பார்க்க உட்காருபவர்தான். நல்ல பிளாஸ்டிக் கூடு, நல்ல ஸ்பீக்கர், நல்ல அடாப்டர், எல்லாம் ஒரு ஐசியால் குப்பைக்குப் போக வேண்டியதாகிவிடும். அந்த ஸ்பீக்கரையும் 9 வோல்ட் அடாப்டரையும் நான் குப்பையில் போடவில்லை. நானே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எல்எம்386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி. எட்டுக் கால். 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் கெயின் 200, அதாவது சிக்னலை 200 மடங்கு பெருக்கும். மைக் அம்மாவின் தலைமாட்டில், ஸ்பீக்கர் என் கட்டிலுக்குப் பக்கத்தில். பிரெட்போர்டில் அருமையாக வேலை செய்தது. ஆனால் பிரெட்போர்டை அப்படியே வைக்க முடியாது, கை பட்டால் ஒரு கம்பி கழன்று வந்துவிடும். ராத்திரி அம்மா கூப்பிடும்போது கம்பி கழன்றிருந்தால் என்ன செய்வது? ஆர்டர் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருக்கவும் மனசில்லை. புள்ளிப் புள்ளியாகத் துளையுள்ள ஜீரோ போர்டில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். எனக்கு அதில் கம்பி இழுத்துப் பற்றவைத்து ஒழுங்காக வந்ததே இல்லை.

முதல் போர்டை டோனர் முறையில் செய்தேன். பளபளப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்டரில் அச்செடுத்து, செம்பு ஒட்டிய கண்ணாடி இழைத் தகட்டின் மேல் கவிழ்த்து, அயர்ன் பாக்ஸால் நான்கு நிமிடம் அழுத்த வேண்டும். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறப்போட்டுத் தாளை விரலால் தேய்த்து எடுத்தால் கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். தகட்டை முதலில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து, அசிட்டோன் தொட்டுத் துடைத்திருக்க வேண்டும். அதன் பிறகு செம்பில் விரல் படக்கூடாது. ரேகை பட்ட இடத்தில் டோனர் ஒட்டாது.

அப்புறம் பெர்ரிக் குளோரைடு, செம்பை அரிக்கும் கரைசல். இந்தக் கட்டம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பிளாஸ்டிக் தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் செம்பின் மினுமினுப்பு போய் மங்கலான ரோஜா நிறம் வரும். ஓரங்கள்தான் முதலில் கரையும், அங்கிருந்து உள்நோக்கி நகரும். நடுவில் ஒரு தீவு மாதிரி கொஞ்சம் செம்பு பிடிவாதமாக நிற்கும். அதுவும் போனதும் எடுத்துக் கழுவி விளக்குக்கு நேராகப் பிடித்தால், கண்ணாடி இழைத் தகடு வெளிச்சத்தை விடும், டிராக்குகள் மட்டும் நிழல் நிழலாகத் தெரியும். எங்காவது இரண்டு டிராக்குக்கு நடுவே மயிரிழை அளவுக்குச் செம்பு மிஞ்சியிருந்தால் இப்போதே கண்ணில் பட்டுவிடும்.

துளை போட்டு, எல்லாவற்றையும் பற்றவைத்து, சப்ளை கொடுத்தேன். கீச்சென்று கத்தியது.

மைக் ஸ்பீக்கரின் சத்தத்தையே வாங்கிச் சுற்றுகிறது என்று நினைத்தேன். மைக்கைக் கழற்றினேன். கத்தல் நிற்கவில்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தேன். அப்போதும் கத்தியது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் உள்ளே எதுவும் போகக்கூடாதே? 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கெயின் 20-க்கு இறங்கியதும் கத்தல் நின்றது.

கடைசியில் ஒரு தடித்த கம்பியை எடுத்து, ஒரு நுனியை ஸ்பீக்கரின் நெகட்டிவைப் பற்றவைத்த செம்புப் புள்ளியிலும் மறு நுனியை அடாப்டரின் நெகட்டிவிலும் கையால் அழுத்திப் பிடித்தேன். கெபாசிட்டரைத் திரும்பப் போட்டிருந்தும் கப்பென்று சத்தம் நின்றது. கம்பியை எடுத்தால் கீச். வைத்தால் அமைதி. நான்கைந்து தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

நான் கிரவுண்டை, அதாவது எல்லா நெகட்டிவும் சேரும் பொது இணைப்பை, ஒரே டிராக்காக இழுத்திருந்தேன். சப்ளை நெகட்டிவில் ஆரம்பித்து, ஐசியின் 2-ஆம், 4-ஆம் கால்களைத் தொட்டு, வால்யூம் கன்ட்ரோல் வழியாகப் போய், கடைசியில் ஸ்பீக்கர். எல்லாமே கிரவுண்ட்தானே, எங்கே சேர்ந்தால் என்ன என்ற நினைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். டிராக்கை அதன் அகல அளவிலேயே சதுரம் சதுரமாகப் பிரித்ததாக நினைத்தால், ஒரு சதுரத்தின் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட அரை மில்லி ஓம். சதுரம் சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை. என் டிராக்கின் அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் ஐந்து சென்டிமீட்டர். அதாவது 100 சதுரம், 50 மில்லி ஓம். ஸ்பீக்கரில் 200 மில்லி ஆம்பியர் ஓடினால் அந்த டிராக்கில் 10 மில்லி வோல்ட் நிற்கும். அது வால்யூம் கன்ட்ரோலின் கிரவுண்டைத் தூக்கிவிடுகிறது, ஐசியோ அதைச் சிக்னல் என்று நினைத்து 200 மடங்கு பெருக்குகிறது. 2 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 200 மில்லி ஆம்பியர் ஓட 1.6 வோல்ட் போதும். போனதைவிட வந்தது அதிகம் என்றால் கத்தாமல் என்ன செய்யும்? வால்யூமைக் குறைத்தாலும் நிற்காததற்கும் இதுதான் காரணம். தூக்கப்படுவது வால்யூமின் அடிக்காலே.

ஸ்பீக்கரின் கரண்ட் தனி வழியில், தடித்த டிராக்கில், நேராகச் சப்ளைக்குத் திரும்ப வேண்டும். மைக், வால்யூம் இவற்றின் கிரவுண்ட் வேறு வழியில் வந்து சப்ளை நெகட்டிவில் மட்டும் சேர வேண்டும். இதை எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் கம்பியைப் பிடித்த பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் இரண்டாவது போர்டு. கிரவுண்டை மாற்றி வரைந்தேன், அவசரத்தில் பிரிண்ட் எடுக்கும்போது கண்ணாடிப் பிம்பமாக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். சாஃப்ட்வேர் போர்டை மேலிருந்துதான் காட்டும். அடிப்பக்கச் செம்பு அதில் ஏற்கெனவே இடவலம் மாறித்தான் இருக்கும். தாளைக் கவிழ்த்து ஒட்டும்போது அது நேராகிவிடும். நாம் வேறு ஒரு தடவை திருப்பினால் கெட்டது. துளை போட்டு முடித்து, பற்றவைப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான், 6-ஆம் காலுக்குப் போக வேண்டிய பாசிட்டிவ் 3-ஆம் காலில் நின்றது தெரிந்தது. ஐசியைச் செம்புப் பக்கமே வைத்துப் பற்றவைத்துத் தப்பிக்கலாம்தான். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து எந்த போர்டு வரைந்தாலும் செம்புப் பக்கம் ஒரு எழுத்தாவது போட்டுவிடுவேன். தாளில் அது இடவலம் மாறித் தெரிய வேண்டும், செம்பில் நேராகப் படிக்க வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்றாவது போர்டு தயார். சப்ளை கொடுத்ததும் லேசான இரைச்சல் மட்டும். அம்மாவின் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அன்று இரவு இரண்டு மணி இருக்கும், என் தலைமாட்டில் என் பெயர் கேட்டது. அந்த போர்டு அடுத்த ஏழு மாதம் ஓடியது. அதற்குப் பிறகு அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆர்டர் கொடுத்திருந்தால் இந்த மூன்று போர்டுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

நீங்கள் ஆரம்பிக்கும்போது டிராக்கை ஒரு மில்லிமீட்டர் அகலமாகவே போடுங்கள். கரைசல் கீழே மட்டும் அரிக்காது, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும், மெல்லிய டிராக் அறுந்துவிடும். ஐசிக்கும் ரெசிஸ்டருக்கும் 0.8 மில்லிமீட்டர் துளை, தடித்த கால் உள்ள டயோடுக்கும் கனெக்டருக்கும் 1 மில்லிமீட்டர். துளை போடும்போது மாஸ்க் போடுங்கள், கண்ணாடி இழைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

வீட்டில் ரசாயனம் வேண்டாம் என்கிறார்களே, அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பெர்ரிக் குளோரைடு துணியிலும் தரையிலும் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது. எவர்சில்வரையும் அரிக்கும், அதனால் சமையலறைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு பெராக்சைடு கலக்கும் முறை வேகமானது என்று காட்டுவார்கள். முதல் தடவை செய்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். மூச்சை அடைக்கும் புகை வரும், மூடி இறுக்கி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கரைந்த செம்பு மீனுக்கும் நீரில் வாழும் மற்ற உயிர்களுக்கும் நஞ்சு. ஒரே கரைசலை, அரிப்பது மிக மெதுவாகும் வரை, பல போர்டுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தீர்ந்த பிறகு சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால், நுரைத்துக்கொண்டு, உலோகம் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வழி கிடைக்கும் வரை பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பாட்டில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.