நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் எஸ்விஎன் (Subversion) மென்பொருளிலிருந்து, அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு (Git) மாறினால் பழைய வரலாறு போய்விடுமா?

போகாது. ஆனால் வரலாற்றை மாற்றித்தரும் கருவியை ஒருமுறை ஓட்டிவிட்டுக் கிளம்பினால் அரைகுறையாகத்தான் வந்து சேரும்.

ஜிசிசி (GCC) கம்பைலர், அதாவது நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்; அந்தத் திட்டத்தைப் பாருங்கள். 2020 ஜனவரியில் அவர்கள் கிட்டுக்கு வந்தபோது எஸ்விஎன்-இல் 2,80,000-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் இருந்தன. அத்தனையையும் கொண்டுவந்தார்கள். பழைய பிழை அறிக்கைகளில் எல்லாம் எஸ்விஎன் திருத்த எண்தானே எழுதியிருக்கும்? அதனால் மாற்றிய ஒவ்வொரு கமிட்டின் (கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றம்) செய்தியிலும் அந்த எண்ணை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். இன்றும் தேடினால் கிடைக்கிறது. நீங்களும் இதை மட்டுமாவது தவறாமல் செய்யுங்கள்.

அதிகம் சொதப்புவது ஆசிரியர் பெயர்தான். எஸ்விஎன் வெறும் பயனர்பெயரை வைத்திருக்கும்; கிட் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். ஆளுக்கு ஒரு வரியாக, இடப்பக்கம் பயனர்பெயர், சமக்குறி, வலப்பக்கம் முழுப்பெயரும் முகவரியும் என்று ஒரு கோப்பு தயாரித்துக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் முன்பு விலகியவரின் முகவரியைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். இதை இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள். பிறகு திருத்தினால் அங்கிருந்து எல்லா கமிட்டின் ஹேஷும் (அடையாளக் குறியீடு) மாறிவிடும், ஏற்கெனவே குளோன் செய்தவர்கள் (முழு நகல் எடுத்தவர்கள்) திட்டுவார்கள்.

அப்புறம் டேக், அதாவது ஒரு வெளியீட்டின் நிலையைக் குறித்துவைக்கும் பெயர். எஸ்விஎன்-இல் அது வெறும் கோப்புறை நகல், எனவே வெளியீட்டுக்குப் பிறகும் யாராவது அதில் கை வைத்திருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள். காலிக் கோப்புறைகளைக் கிட் வைத்துக்கொள்ளாது, அது சின்ன விஷயம்.

பழைய எஸ்விஎன் களஞ்சியத்தை அழிக்க வேண்டாம், படிக்க மட்டும் திறந்து வையுங்கள்.